அத்தானின் மூன்று சட்டைகள்

ஏப்ரல் 10, வியாழன். நோர்பரி, லண்டன்

தூறல். வெயில். திரும்பவும் தூறல். காலுறை இல்லாமல் வந்தது மடத்தனம்.

விமான நிலையத்துக்கு அக்கா மட்டும். "அத்தானுக்கு ஷிப்ட்." வீட்டு வாசலில் அவள் செருப்புகள்தான். குளியலறையில் ஒரே ஒரு பிரஷ். கேட்டேன். சோறு போட்டபடியே சொன்னாள்: "பிரிஞ்சு ஒரு வருசம். ஒத்து வரேல்லை. அம்மாவுக்குத் தெரியாது, வாயைத் திறந்திடாதை."

"அப்ப பொங்கலுக்கு ரெண்டு பேருமா நிண்ட படம்?"

"சனிக்கிழமை பார்."

அத்தானுக்கென்று அம்மா ஊரிலிருந்து கட்டித் தந்த பருத்தித்துறை வடை பெட்டியிலேயே.

ஏப்ரல் 12, சனி. லண்டன் கோபுரம்

குளிர் வெயில். பறித்த வைரத்தைக் கிரீடத்தில் பதித்துக் காட்டுகிறார்கள். பறிகொடுத்தவர்களும் வரிசையில். நானும்.

வெளியே அத்தான். வால்தம்ஸ்டோவில் அறை எடுத்திருக்கிறாராம். தோளில் பை, பைக்குள் மூன்று சட்டை.

நீலம்: புதுவருசம்.
வெள்ளை: அக்கா பிறந்தநாள்.
கோடு போட்டது: தீபாவளி.

ஒரே நாளில் அரை வருடக் குடும்ப வாழ்க்கை. அம்மாவுக்கு அனுப்பப் படமெடுப்பது நான்.

"அத்தான், கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ."

"இதுக்கு மேலை நிண்டா உன்ரை அக்கா அடிப்பாள்."

"அதை விடுங்கோ, பின்னாலை செர்ரிப் பூ. தீபாவளிக்கு எந்த மரம் பூக்குது?" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அந்தப் படம்தான் நன்றாக வந்தது.

ஈர வாங்குப் பலகையைத் தன் கைக்குட்டையால் துடைத்து அவளை இருக்கச் சொன்னார். கேட்காமலே சீனியில்லாத தேத்தண்ணீர். இவரை எப்படித் திட்டுவது?

இங்கே காகங்களுக்கு இறகு கத்தரிக்கிறார்கள். பறந்துபோனால் இராச்சியம் விழுமாம். எங்கள் தெருவில் மருமகன் போனால் வீடு விழும்.

வடையை நீட்டினேன். வாங்கவில்லை. "மாமியை ஏமாத்திச் சாப்பிட ஏலாது, பிள்ளை." அக்கா பக்கம் திரும்பினார். "சுதா, இன்னும் எவ்வளவு காலம்? சொல்லிவிடு."

"இவளின்ரை கலியாணம் முடியட்டும். தமக்கை வாழாவெட்டி எண்டா இவளை ஆர் கேப்பினம்?"

இவள் என்றால் நான். அந்த மூன்று சட்டையும் எனக்காக!

"அப்பிடிக் கேக்காத ஆக்கள் எனக்கு வேண்டாம்!" கத்திவிட்டேன். காவலர் திரும்பிப் பார்த்தார். பிறகு அழுகை. அத்தான் கைக்குட்டை தந்தார். வாங்கு துடைத்த ஈரம் அதில் சொட்டியது.

ஏப்ரல் 14, திங்கள். கிரீனிச்

புதுவருசம். நல்ல வெயில். அக்கா லீவு. புதுவருசப் படம் எங்கே என்று அம்மா விடியவே இரண்டு தரம் கேட்டுவிட்டாள்; நீலச் சட்டைப் படம் இன்னும் போகவில்லை.

மேட்டில், உலகைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கிறதென்று நிலத்தில் பதித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றாள் அக்கா. தலைமயிர் வாய்க்குள். கண் கூசிச் சுருங்கி. எடுத்தேன்.

"காட்டு." நெடுநேரம் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கிறன், என்ன?"

அவளாகவே அதைக் குடும்பக் குழுவில் போட்டாள். உடனே அம்மாவின் போன்.

"படத்திலை மருமகனைக் காணேல்லை. எங்கை பிள்ளை அவர்?"

அக்காவின் கை என் கைக்குள்.

"அவர் இங்கை இல்லை, அம்மா. ஒரு வருசமா நான் தனியத்தான் இருக்கிறன்."