முந்நூறு செகண்ட் எண்ணெயும் ஆயில்மேன் இருசப்பன்மேல் விழுந்த பழியும்

அனுப்புநர்:
ரெ. காளியண்ணன்,
ஸ்டோர் கிராணி, செம்பனை எண்ணெய் ஆலை,
பதினோராங்கட்டைத் தோட்டம்,
கோல சிலாங்கூர்.

பெறுநர்:
தொழிலாளர் இலாகா அதிகாரி அவர்கள்,
கோல சிலாங்கூர்.

பொருள்: இயந்திர எண்ணெயின் கெட்டித்தன்மையைப் பழைய அளவிலிருந்து புதிய அளவுக்கு மாற்றிக் கணக்கிடாமல் வாங்கியதால் டர்பைன் பழுதானது, அதற்காகக் குற்றமற்ற ஆயில்மேன் வேலைநீக்கம் செய்யப்பட்டது குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் இந்த ஆலையில் இருபத்தேழு ஆண்டுகளாக ஸ்டோர் கிராணி; சாமான் வாங்குவதும் கணக்கெழுதுவதும் என் வேலை. தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருக்கும் மக்களுக்கு மனு எழுதித் தருவதும் நான்தான். இயந்திரங்களுக்கு எண்ணெய் ஊற்றும் ஆயில்மேன் இருசப்பன் தமக்கொரு மனு எழுதித் தரும்படி சென்ற ஞாயிறன்று என் வீட்டுக்கு வந்தார். அன்று நான் எழுத ஒப்புக்கொண்டது, மன்னித்து வேலையைத் திரும்பத் தரும்படி கேட்கும் மனு. செவ்வாயன்று எனக்குத் தெரியவந்த செய்திக்குப் பிறகு எழுதும் மனு இது.

2. இம்மாதம் எட்டாம் தேதி காலை பத்து மணியளவில் ஆலைக்கு மின்சாரம் தரும் டர்பைனின் பேரிங் காய்ந்து இறுகி நின்றுவிட்டது. ஆலை ஆறு நாள் மூடிக் கிடந்தது. லோரி லோரியாக வந்த செம்பனைக் குலைகள் வாசலிலேயே அழுகின. பன்னிரண்டாம் தேதி விசாரணை நடந்தது. இருசப்பன் எண்ணெய் ஊற்றத் தவறினார் என்பது குற்றச்சாட்டு. பதினான்காம் தேதி வேலைநீக்கக் கடிதம் கொடுக்கப்பட்டது. அதன்படி முப்பத்தோராம் தேதிக்குள் அவர் குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

3. விசாரணையில் நானும் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தேன். "ஊத்துனேன் ஐயா, தெனமும் ஊத்துற மாதிரிதான் ஊத்துனேன்" என்றே இருசப்பன் முதலில் சொன்னார். உதவி இஞ்சினியர் திரு. உமாபதி அதே கேள்வியை எட்டு முறை கேட்டார். எண்ணெய் ஊற்றியிருந்தால் பேரிங் எப்படிக் காயும் என்று மேசையைத் தட்டினார். கடைசியில், "ஒருவேள மறந்துட்டேனோ என்னமோ, தெரியலீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் குற்ற ஒப்புதல் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதன்கீழ் அவர் கைநாட்டு வைத்தார். அவருடைய வலது உள்ளங்கை முழுதும் கொப்புளமாக இருந்ததால் இடது பெருவிரலை வைத்தார். பேரிங் சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பது ஆயில்மேன்களின் வழக்கம். வேலையைக் கவனிக்காதவனின் கை எப்படி ஐயா வெந்துபோகும்? இதை அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4. இனி எண்ணெய் விவகாரம். டர்பைனுக்குப் பல ஆண்டுகளாக ஒரே எண்ணெய்தான். அதன் பெயரைச் சொன்னால் டிரம் வந்துவிடும். இவ்வாண்டு தோட்ட நிர்வாகம் எண்ணெய்க் கம்பெனியை மாற்றியது. புதிய கம்பெனியின் பட்டியலில் 32, 46, 68, 100, 150, 220, 320 என்று எண்கள் மட்டுமே இருந்தன. டர்பைன் மேலுள்ள பித்தளைத் தகட்டைப் போய்ப் பார்த்தேன். "ரெட்வுட் 300 செகண்ட், 100 டிகிரி பாரன்ஹீட்" என்று பொறித்திருந்தது. எங்கள் அலுவலகச் சுவரில் ஓர் அட்டவணை உண்டு. கேலனை லிட்டராக்க, ராத்தலைக் கிலோவாக்க, பாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க எல்லாம் அதில் இருக்கிறது. அதில் இல்லாத எதையும் மாற்றத் தேவையில்லை என்பது எங்கள் பழக்கம். எண்ணெயின் கெட்டித்தன்மை அதில் இல்லை. எனவே 300க்குக் கிட்ட இருக்கும் 320ஐ எழுதினேன். இருபது கூடுதலாக இருந்தால் இயந்திரத்துக்கு நல்லதுதானே என்றும் நினைத்துக்கொண்டேன். திரு. உமாபதி படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

5. இம்மாதம் இருபதாம் தேதி, செவ்வாயன்று, எண்ணெய்க் கம்பெனி விற்பனையாளர் திரு. சேது அடுத்த ஆர்டருக்காக வந்தார். என் கோரிக்கைத் தாளைப் பார்த்தவர், "என்ன கிராணியாரே இது, டர்பைனுக்குப் போய் 320ஆ? கிரீஸையே ஊத்தியிருக்கலாமே லா!" என்று சிரித்தார். நான் தகட்டைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பைக்குள்ளிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து விளக்கினார். ரெட்வுட் செகண்ட் என்பது, குறித்த சூட்டில் ஓரளவு எண்ணெய் ஒரு சிறு துளை வழியாக வடிய எத்தனை வினாடி ஆகிறது என்ற கணக்கு. டிரம்மில் இருக்கும் எண்ணோ சென்டிஸ்டோக்ஸ் என்னும் வேறு அளவு, 40 டிகிரி செல்சியஸில் எடுப்பது. பழைய 100 பாரன்ஹீட்டும் ஏறக்குறைய அதே சூடுதான். நூறு வினாடிக்கு மேற்பட்டால், வினாடியை 0.247ஆல் பெருக்கி, ஐம்பதை அதே வினாடியால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். 300ஐப் பெருக்கினேன், 74.1. கழிக்க வேண்டியது கால் கூட வராது. 74 சென்டிஸ்டோக்ஸ்! வாங்கியிருக்க வேண்டியது 68. நான் வாங்கித் தந்தது நான்கு மடங்குக்கு மேல் கெட்டியான எண்ணெய். ஐயோ, என் கணக்கா இது என்று ஏழு முறை போட்டுப் பார்த்தேன். ஏழு முறையும் அதே விடைதான் வந்தது.

6. டர்பைன் பேரிங்குக்குள் ஒரு வளையம் சுழன்று எண்ணெயை மேலே ஏற்றிவிடும். கெட்டி எண்ணெயில் அது சுழலாது. கீழே எண்ணெய் நிறைந்திருக்க, மேலே பேரிங் காயும். இதை முதலில் கண்டவரே இருசப்பன்தான். புது எண்ணெய் ஊற்றிய ஐந்தாம் தேதியன்றே ஸ்டோருக்கு வந்து, "கிராணியாரே, இந்த எண்ண எறங்க மாட்டேங்குது. வளையம் மக்கர் பண்ணுது" என்று என்னிடம் சொன்னார். "புது எண்ண அப்படித்தான் இருக்கும், போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். ஐயா, விசாரணையில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நினைவிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

7. புத்தகத்தை மட்டும் நம்பாமல் வீட்டில் சோதித்தும் பார்த்தேன். ஒரே அளவான இரண்டு பால் டின்களில் ஒரே ஆணியால் துளையிட்டு, ஒன்றில் மிச்சமிருந்த பழைய எண்ணெயையும் மற்றதில் புதியதையும் ஊற்றினேன். பழையது முழுதும் வடிந்து முடிந்தபோது புதியது கால் டின் கூட இறங்கவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு போத்தல் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன்.

8. புதன்கிழமை இவ்வளவையும் மேனேஜரிடம் சொன்னேன். பதறிப்போய்க் கடிதத்தைத் திரும்பப் பெறுவார் என்று நம்பிப் போனேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, ஆள்தான் ஒப்புக்கொண்டாயிற்றே, நீ ஏன் வீணாக மாட்டிக்கொள்கிறாய் என்றார். மிச்சப் புது எண்ணெயை டிரம்மோடு திங்கட்கிழமை ஆலையைவிட்டு வெளியேற்றவும் உத்தரவிட்டார். நான் செய்த தவற்றைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஒரு குடும்பம் தெருவுக்குப் போவதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

9. ஆகவே தாங்கள் திங்கட்கிழமைக்கு முன் நேரில் வந்து டிரம்மையும் தகட்டையும் பார்வையிட வேண்டும். விசாரணையை மறுபடி நடத்தி, வேலைநீக்கத்தையும் வீட்டைக் காலி செய்யும் உத்தரவையும் ரத்து செய்ய வேண்டும். தண்டனை என்று ஒன்று இருந்தால் அது எனக்கும் கையெழுத்திட்டவருக்கும் உரியது. நான் எதையும் மறுக்கப் போவதில்லை.

10. இம்மனுவை இன்று காலை இருசப்பனுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன், பிடித்திருந்தாலும் நியாயமே. அவர் ஆறாவது பத்தியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப நான் மறக்கலதானே, கிராணியாரே?" என்று கேட்டார். மறக்கவில்லை என்றேன். உடனே அடுப்படியிலிருந்த மனைவி லெட்சுமியைக் கூப்பிட்டு, "புள்ள, நான் ஊத்தியிருக்கேன்டி, மறக்கலையாம்!" என்று சொல்லிவிட்டு அழுதார். விசாரணை நாள் முதல் பதினொரு நாளாக அந்த மனிதர் தம்மையே நம்பாமல் இருந்திருக்கிறார். நான் சொன்னது அவருக்குப் போதாது, ஐயா. அவர் மறக்கவில்லை என்று தங்கள் இலாகா முத்திரையுடன் ஒரு வரி எழுதித் தாருங்கள்.

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
ரெ. காளியண்ணன்

இடம்: பதினோராங்கட்டைத் தோட்டம்
நாள்: 23.3.1984

படிக்கக் கேட்டு உண்மையென ஒப்பி வைத்தது: இருசப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை