பஸ்ரியன் கடை திறந்திருக்கிறது

ரொறன்ரோ
15.06.1997

என் அன்பு மச்சாளுக்கு,

மடுமாதா துணையால் நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் றோசம்மாவும் பிள்ளைகளும் சுகம். குளிர் ஒருவழியாக விட்டுவிட்டது. போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை என்று றோசம்மாவுக்குக் குறை.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே உள்ள எங்கள் தீவுச் சனம் எல்லாம் சேர்ந்து நவம்பரில் ஓர் ஒன்றுகூடல் வைக்கிறோம். ஆளுக்கொரு விசயம் பேசவேண்டும். எனக்கு என்ன தந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "உன்ரை அண்ணன்ரை கடையைப் பற்றிக் கதை, வேறை ஒண்டும் வேண்டாம்" என்று எல்லாரும் ஒரே பிடி.

எழுத இருந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது. தலைமன்னார் றோட்டோரம் அந்தக் கிடுகுக் கொட்டில், முன்னுக்கு ஆட்கள் இருக்க இரண்டு நீள வாங்கு, உள்ளே புகை மண்டிய குசினி. மன்னார் பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டவுடன் அண்ணன் கரண்டியால் கேத்திலில் இரண்டு தட்டுத் தட்டுவார். நீங்கள் இடியப்பத் தட்டை இறக்குவீர்கள். இராமேஸ்வரக் கப்பலுக்குப் போகிற சனம் பெட்டியும் பையுமாக வந்து குந்தும். நான் ஸ்ரேசனில் ரிக்கற் கொடுத்துவிட்டுப் பசியோடு வந்தால் எனக்கு இருக்க இடம் இருக்காது. கப்பல் போய்விடும் என்று பதறுகிறவர்களுக்கு அண்ணன் சொல்லுவது நினைவிருக்கிறதா? "இருந்து சாப்பிடுங்கோ. கப்பல் நாளைக்கும் வரும், இந்தச் சொதி வராது." அதை நம்பித் திருச்சி வியாபாரி ஒருவர் கப்பலை விட்டுவிட்டு, சொதிக்காக இரண்டு நாள் எங்கள் வாங்கிலேயே கிடந்தாரே! அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

உங்கள் கணவாய்க் கறி கறுகறுவென்று இருக்குமே, அதற்கு என்ன செய்வீர்கள்? றோசம்மா எத்தனை தரம் வைத்தும் அந்த நிறம் வரவில்லை.

ஒன்றுகூடலுக்கு முதல் பூசை. ஆத்துமாக்களின் மாதம் என்பதால், ஊரில் மரித்தவர்களின் பெயர்களை வாசித்து ஒப்புக்கொடுக்கிறோம். அப்பா, அம்மாவின் பெயரோடு அண்ணனின் பெயரையும் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

உங்கள் அன்பை மறவாத
அம்புறோஸ்


தலைமன்னார் றோட்டு
14.07.1997

தம்பி அம்புறோசுக்கு,

கடிதம் கிடைத்தது. றோசம்மாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு. பதில் போடாதது என் பிழைதான். இங்கே மா கிடைத்தால் விறகு இல்லை, விறகு கிடைத்தால் மா இல்லை. கடிதத்துக்கு முத்திரை வாங்கப் போகிற எண்ணம் எங்கே வரும்?

நீ மேடையில் ஏறமுதல் சிலதைத் திருத்திக்கொள். கேத்திலில் இரண்டு தட்டு இல்லை, மூன்று. திருச்சி வியாபாரி வாங்கில் கிடந்தது சொதிக்காக இல்லை, நண்டை அளவில்லாமல் தின்று வயிற்றாலே போனதால். இரண்டு நாளும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தது நான். அதையும் சேர்த்துச் சொல்லு. கணவாயின் மைப்பையை வெட்டி எறிந்துவிட்டு நிறம் வரவில்லை என்றால் எங்கிருந்து வரும்? உடையாமல் எடுத்து வைத்து, கறி வற்றி வரும்போது விடச் சொல்லு.

இன்னொன்று. கடை இருந்தது, இருந்தது என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறாய். கடை இருக்கிறது. கப்பலும் இல்லை, றெயிலும் இல்லை, அந்த வளைவில் இப்போது சோதனைச் சாவடி. என்றாலும் கரைக்கு வருகிற சம்மாட்டி ஆட்கள், கோயிலுக்குப் போகிற சனம் என்று தினமும் பத்துப் பதினைந்து பேருக்குச் சமைக்கிறேன். ஒருநாளும் மூடியதில்லை.

இப்போது நீ கடைசியில் எழுதிய விசயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனை மரித்தவர்களோடு சேர்க்க உனக்கு யார் சொன்னது? அவர் செத்ததைக் கண்டவர் யார்? டவுனுக்குப் போனவரைச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் உனக்கும் தெரிந்தது அவ்வளவுதான். நவம்பரில் இங்கே பங்குச் சுவாமி மரித்தவர்களின் பெயர் கேட்கும்போது நான் வாய் திறப்பதில்லை. மாதாமாதம் உயிரோடு இருக்கிறவர்களுக்கான பூசையில்தான் அவர் பெயரைக் கொடுக்கிறேன்.

கடையைப் பற்றி எவ்வளவும் பேசு. அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடு.

றஞ்சிதம்


ரொறன்ரோ
17.08.1997

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை றோசம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வியாபாரியின் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். ஏழு வருசம் போய்விட்டது. அந்த நேரம் பிடிபட்டு வெளியே வந்தவர்கள் வந்துவிட்டார்கள். வராதவர்கள் வரப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். செஞ்சிலுவைக்காரரிடம் எத்தனை தரம் கொடுத்தோம்? ஒரு முகாமிலாவது பெயர் இருந்ததா?

அவர் உங்களுக்குப் புருசன் என்றால் எனக்கு ஒரே அண்ணன். அப்பா கடலில் போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர். இங்கே நான் பனிக்குள் வேலைக்குப் போகும்போது தனியே அழுகிறேன் மச்சாள். எனக்கும் நாலு பேருக்கு நடுவில் அவருக்காக அழ ஒரு நாள் வேண்டும். இறந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசைகூட வைக்காமல் விடுவது பாவமில்லையா? நீங்கள் அடுப்பை மூட்டிக்கொண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போனவர் திரும்பிவிடுவாரா?

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. கடை வாசலில் அண்ணன் கேத்திலோடு நிற்கிற படத்தையும் போட்டு, கீழே மரித்தவர்களின் பெயர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கும் சில அனுப்பியாகிவிட்டது. இனி மாற்றுவது கஷ்டம்.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்புறோஸ்


தலைமன்னார் றோட்டு
12.10.1997

அம்புறோஸ்,

நீ அனுப்பிய அழைப்பிதழ் என் கைக்கு வருமுதல் பள்ளிமுனையில் உன் மாமி வீட்டுக்குப் போய்விட்டது. நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து உன் மாமி வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் இறங்கினார்கள். எல்லாரும் கறுத்தச் சேலை. நான் சிவப்புச் சட்டையோடு ரொட்டி தட்டிக்கொண்டு நிற்கிறேன். வாசலிலேயே தொடங்கிவிட்டார்கள். "ஐயோ றஞ்சிதம், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பேல்லையே!" கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி நின்றார்கள்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. கனடாவிலை இருந்து பேப்பர் வந்திருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் மூத்தவளைக் கையில் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "செத்த வீட்டிலை அடுப்பு எரியுமோ? பாருங்கோ, இது எரியுது. உங்களுக்கும் ரொட்டி போடுறன், இருந்து சாப்பிட்டுப் போங்கோ" என்றேன். ஐந்து கோப்பையில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தேன். சாவுக்கு வந்த இடத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் சின்னவள் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். அடுத்த பஸ்ஸில் எல்லாரும் போய்விட்டார்கள்.

அன்றைக்குத் தொடக்கம் சனம் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறது. சாப்பிட வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார்கள். தாலியைக் கண்ணால் தேடுகிறார்கள். அழைப்பிதழைக் கிழித்து அடுப்பில் வைத்தேன். அவருடைய படத்தையும் சேர்த்துத்தான் வைக்கவேண்டி வந்தது. அப்படிச் செய்யவைத்தவன் நீ.

உனக்கு அழ ஒரு நாள் வேண்டும் என்கிறாய். அழு. அப்பாவுக்கு அழு, அம்மாவுக்கு அழு. உயிரோடு இருக்கிறவருக்குச் செத்தவர்களின் பூசை வைத்து, திரும்பி வருகிற வழியை நீயே அடைக்காதே. அவர் பெயர் அந்தக் கோயிலில் வாசிக்கப்பட்டது என்று கேள்விப்பட்டால், நீ எனக்கு எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

றஞ்சிதம் பஸ்ரியன்


ரொறன்ரோ
10.11.1997

அன்பான மச்சாள்,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. ஞாயிறு பூசை. உண்மையைச் சொன்னால் உங்கள் மேல் கோபத்தோடுதான் சுவாமியிடம் போனேன். ஆனாலும் போனேன். அண்ணனின் பெயரை வெட்டச் சொன்னேன், வெட்டினார். நேற்றுப் பூசையில் அந்தப் பெயர் வாசிக்கப்படவில்லை. மாதா சத்தியம்.

இதற்கு மேலே வாசிக்குமுதல் எங்கேயாவது இருந்துகொள்ளுங்கள்.

பூசை முடிந்து மண்டபத்தில் நான் கடையைப் பற்றிப் பேசினேன். மூன்று தட்டு, நண்டு, கொத்தமல்லித் தண்ணீர் எல்லாம் சொன்னேன். சனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. முடித்தவுடன் பின்வரிசையில் யாருக்கும் தெரியாத ஒருவர் எழும்பினார். பெயர் சிங்கராசா, பெருநிலத்தில் அடம்பன் பக்கத்து வயற்காரர். கடையொன்றின் சுவரில் எங்கள் அழைப்பிதழைக் கண்டு, அண்ணனின் பெயரையும் கேத்தில் படத்தையும் பார்த்து, தேடி வந்திருக்கிறார்.

"சுவரோடை இருக்கிற வாங்குக்கு ஒரு கால் கட்டை. ஓட்டுத்துண்டு வச்சிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டிட்டியள்" என்றார். உப்பு சிரட்டையில் இருக்கும் என்றார். புட்டுக்குத் திருக்கை வறை வைக்கும் நாளில் நீங்கள் யாரையும் குசினிக்குள் விடமாட்டீர்கள் என்றார். நான் மறந்துபோன ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"ஐயா எந்த வருசம் எங்கட கடைக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் ஒருநாளும் வரேல்லை, தம்பி. அந்தத் தலைமன்னார் றோட்டையே நான் கண்டதில்லை. உள்ளுக்கை இருக்கேக்கை உங்கட அண்ணைதான் எங்களுக்குச் சொன்னவர்."

அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு பேரும் ஒரே சிறையறையில் இருந்தார்களாம். சாப்பாடு என்று ஒன்றும் இல்லாத இடம். பசி தாங்காமல் ஆட்கள் சுருண்டு கிடக்கும்போது அண்ணன் எழும்பிச் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாராம். "வாங்கோ, இருங்கோ, உங்களுக்கு என்ன?" ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். இடியப்பம் எப்படி அவிகிறது, சொதிக்கு எப்போது புளி விடுகிறது என்று முழுக்கச் சொல்லித்தான் பரிமாறுவாராம். அவசரப்பட்டால் ஏச்சு விழும். "வெள்ளிக்கிழமையிலை நான் சைவம் எண்டு எனக்குப் பூசணிக்காய் தனியாச் சமைச்சுத் தந்தவர்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். தாடிக்குள் தண்ணீர் ஓடியது.

சிறைபிடித்த அந்த வருசமே மாரியில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டதாம். மருந்து இல்லை. விடிய நேரம் சிங்கராசாவின் மடியில்தான் போயிருக்கிறார். கண்ணை மூடிவிட்டது தான்தான் என்றும், வெளியே வந்தபிறகு தீவுக்குப் போய்ச் சொல்லப் பாதை திறக்கவில்லை என்றும் சொன்னார். வேறு யாரோ ஒரு பஸ்ரியனாக இருக்கக்கூடாதா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கடைசிவரைக்கும் சிரித்துச் சிரித்து ஒரே கதையைச் சொல்லுவாராம். "என்னை விட்டாலும் போகேலாது. தேங்காயில்லாமல் போனால் மனிசி வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள்." அது என்னவென்று சிங்கராசாவுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?

மச்சாள், நான் இதை எழுதக்கூடாதென்று றோசம்மா சொன்னாள். எழுதாமல் விட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இனி என்ன செய்வது என்பதை நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை இங்கே ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்தமாட்டேன்.

அம்புறோஸ்


தலைமன்னார் றோட்டு
12.12.1997

அன்புத் தம்பி அம்புறோசுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்துகொண்டு வாசி என்று நீ எழுதியிருந்தாய். நான் நின்றுகொண்டுதான் வாசித்தேன். வாங்கின் கால், உப்புச் சிரட்டை என்றதையெல்லாம் நம்பவில்லை. எங்கள் கடையில் சாப்பிட்ட யாரும் அதைச் சொல்லலாம். யாரோ உனக்குக் கதை விடுகிறான் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே வாசித்தேன். தேங்காய் வந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன்.

அவர் போன அன்று விடிய எங்களுக்குள் சண்டை. முதல்நாள் டவுனுக்குப் போய், ஊர்க்கதை பேசிவிட்டுத் தேங்காய் வாங்க மறந்து வந்தவர். நான் தேங்காய்த் திருவலையில் குந்தியிருந்து, "இண்டைக்கும் தேங்காயில்லாமல் வந்தால் வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டன்" என்றேன். சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அந்த நேரம் குசினியில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒரு குருவிகூட இல்லை. நான் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அந்த வயற்காரருக்குத் தெரிந்திருக்கிறது என்றால் அவருடைய மடியில் போனது என் மனிசன்தான்.

இருந்தவர்களுக்குச் சோறு போட்டு முடித்தேன். அவர்கள் கை கழுவிப் போனபிறகு அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். தட்டியை இழுத்துக் கட்டிவிட்டுச் சுவாமியிடம் போனேன்.

"வழக்கம்போலை பஸ்ரியன்ரை சுகத்துக்குத்தானே பூசை?" என்று அவர் பேனையை எடுத்தார்.

"இல்லைச் சுவாமி. செத்த ஆத்துமாவுக்கு."

அந்தச் சொல்லை என் வாய் அப்போதுதான் முதன்முதல் சொன்னது. சுவாமி பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்து என் தலையில் கை வைத்தார்.

தம்பி, உன்னை நான் கண்டபடி ஏசிவிட்டேன். அந்த அழைப்பிதழ் இல்லையென்றால் சிங்கராசா வந்திருக்கமாட்டார். இருந்தாலும் நீ பெயரை வெட்டியது சரி. அவரைச் செத்தவர் என்று நான்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு விட்டுவைத்தாய். உன் மேல் இருந்த கோபமெல்லாம் அதோடு போய்விட்டது. இப்போது நீயும் பூசை வை. மெழுகுதிரி கொளுத்து, நாலு பேருக்கு நடுவில் சத்தமாக அழு.

சிங்கராசாவிடம், மன்னாரில் அவருக்கு ஒரு சகோதரி இருக்கிறாள் என்று சொல்லு. என் மனிசனின் கண்ணை மூடிவிட்ட கையை நான் கும்பிடுகிறேன் என்று சொல்லு.

ஆனால் எனக்கு ஆறுதல் எழுதாதே. முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரைக்கும் பதிலும் எதிர்பார்க்காதே. உனக்கு அண்ணன் செத்து ஏழு வருசம். நீ அழுது, தேறி, மேடையில் நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாய். எனக்கு அவர் நேற்றுத்தான் செத்தவர்.

றஞ்சிதம்