அக்கா பெயரில் வந்தது

மார்ச் 4
அச்சுக்கடையில் கூட்டமில்லை. மெயிலில் வரும் இணைப்புகளைத் திறந்து அச்செடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதிகம் பேச வேண்டியதில்லை, அதனாலேயே பிடித்திருக்கிறது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா, ஊமைக்கோட்டான்?" என்றார் முதலாளி. சிரித்து வைத்தேன்.

மார்ச் 9
அக்காவிடமிருந்து மெயில்! அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன பிறகு முதல் தடவை. நான் பள்ளியைவிட்டு நின்றதுகூட அவளுக்குத் தெரியாது. 'இதைப் பார்' என்று ஒரே வரி, கீழே ஓர் இணைப்பு. கடைக் கணினியிலேயே திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். போட்டோவாக இருக்குமோ?

அம்மாவிடம் மட்டும் காதோடு சொன்னேன். "நல்லா இருக்காளாமா?" கேட்டுக் கேட்டு அழுதாள்.

மார்ச் 10
கடையில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாம் போச்சு. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இங்கேயே தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரையும். அவளிடம் வேறு பிரதி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கணினி பழுது பார்ப்பவர் வந்து, அக்காவின் மெயிலைப் பார்த்தார். "இது ஆளு அனுப்பினது இல்லம்மா, வைரஸ். ஒருத்தர் கம்ப்யூட்டர்ல புகுந்தா, அவங்க பேர்லயே தெரிஞ்சவங்க எல்லாருக்கும் தானா போகும். கேட்டுட்டுத்தான் திறக்கணும்."

அப்போ அக்கா எழுதவே இல்லையா?

ஆனால் என் முகவரி இன்னும் அவளிடம் இருக்கு. அழிக்கலை. அழிக்கலைதானே?

மார்ச் 11
அவளுக்கு எழுதினேன். உன் கணினியில் வைரஸ் இருக்கிறது, சரி செய். 'அம்மா உன்னைக் கேட்கிறாள்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன்.

மார்ச் 15
"இன்னிக்காவது பதில் வந்துதா?" என்றாள் அம்மா. முதலில் வந்தது வைரஸ் என்று இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மார்ச் 19
வந்தது.

'அனைவருக்கும் வணக்கம். என் பெயரில் வந்த மெயிலைத் திறக்க வேண்டாம். நான் அனுப்பவில்லை. இந்த முகவரியை இன்றோடு மூடுகிறேன்.'

அனைவருக்கும். புது முகவரி இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. 'நான்தான், அக்கா' என்று உடனே எழுதினேன். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2
முதலாளி என்னை நிறுத்தவில்லை. மாணவி சொல்லச் சொல்ல, அவள் கட்டுரையை நான் திரும்ப அடித்துக் கொடுக்கிறேன்.

இப்போது எந்த இணைப்பு வந்தாலும், அனுப்பியவருக்குப் போன் செய்கிறேன். முதல் நாள் குரலே எழும்பவில்லை. இப்போது எழும்புகிறது.

"இதை அனுப்பினது நீங்கதானே?"

"ஆமாம்மா, நான்தான்" என்கிறார்கள். எல்லோருமே.