சிலுவையடிப் பங்கு

குருநகர்
04.06.2024

இஞ்சாருங்கோ,

உங்கள் போன் கடல் தண்ணீர் குடித்த பிறகு, கடிதம் கொண்டுபோகும் ஐஸ் லொறிக்காரன் சுபாஸின் கையில்தான் என் வாய் இருக்கிறது. நானும் பூனையும் சுகம். மணற்காட்டு மீன்வாடியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

பக்கத்து வீட்டுக் கொலின்ஸ் மேல்வீடு கட்டி முடித்துவிட்டார். பெருநாளுக்குச் சுருவத்துக்கு மாலை போட்டுச் சோடிப்பதும் இனி அவர்தானாம். அவர் மனைவி அற்புதராணி கோயிலில் முன்வரிசை வாங்கில் இருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. அவர் சிலுவையடியில் வலை விடுவது ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் ஏன் ஆகாது? நேர்மையைச் சட்டியில் போட்டுக் கறி வைக்கலாமா?

ஒரு புதினம் கேளுங்கோ. அவர்கள் தந்த பாரை மீனைப் பூனை மணந்து பார்த்துவிட்டு மதிலேறி ஓடிவிட்டது.

உங்கள் லவீனா


மணற்காடு
09.06.2024

அன்பு லவீனாவுக்கு,

சிலுவையடி என்ன இடம் என்று உனக்குத் தெரியும். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்காக மணல்திட்டில் நட்ட சிலுவை அது. சுற்றியுள்ள தண்ணீரில் கொலின்ஸைத் தவிர ஒருவரும் வலை விடுவதில்லை. "அது அவையின்ரை பங்கு, தொடக்கூடாது" என்று சொல்லித்தந்த அப்பாவும் இப்போது அங்கேதான்.

கொலின்ஸின் ஆட்கள் ஒன்று சொல்கிறார்கள். அங்கே மீன் நிறைந்த வலை பாரமே இல்லாமல் வருகிறதாம், கீழேயிருந்து ஆரோ ஏந்திவிடுவதுபோல. சொல்லும்போது அவர்கள் சிரிக்கவில்லை.

ஆனாலும் சட்டி என்று எழுதினாயே, அது குத்திவிட்டது. வெள்ளி விடியப் போகிறேன்.

ஜெரிசன்


குருநகர்
13.06.2024

இஞ்சாருங்கோ,

நேற்று மத்தியானம் அற்புதராணி மேல்வீடு காட்டக் கூப்பிட்டாள். மேசையில் அவர்கள் இருவரும் நானும். சாப்பாட்டுக் கோப்பை நாலு. நாலாவது கதிரை நனைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரும் இல்லாத அந்தக் கோப்பையில் சோறு குறைந்துகொண்டே போனது. கொலின்ஸ் தலை நிமிரவில்லை. அற்புதராணி என் காதோடு சொன்னாள்: "வலையை ஏந்தி விடுறவை கரைக்கும் வருகினம் லவீனா. பசியோடை வருகினம்."

போகாதேயுங்கோ. எனக்கு மேல்வீடும் வேண்டாம், முன்வாங்கும் வேண்டாம். நான் எழுதியதைக் கிழித்துப் போடுங்கோ.

லவீனா


மணற்காடு
15.06.2024

அன்பு லவீனாவுக்கு,

உன் கடிதம் பிந்திவிட்டது. நேற்றே போய்விட்டேன்.

வலையை இழுத்தேன். மீன் மினுங்கிக்கொண்டு வந்தது, பாரம் மட்டும் இல்லை. கீழேயிருந்து குரல் கேட்டது. "தம்பி, விடு. நான் தூக்கிறன்." என்னைத் தொழிலுக்குக் கூட்டிப்போன நாட்களில் அப்பா சொல்லும் அதே சொல்.

எனக்குப் பயம் வரவில்லை லவீனா, ஆசைதான் வந்தது. அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, உன்னிடம் சோறு போடச் சொல்ல நினைத்தேன். பிறகுதான் அவருடைய பங்கை அவரிடமே களவெடுக்கிறேன் என்று உறைத்தது. "உங்கடை மீன் அப்பா, நீங்களே வைச்சிருங்கோ" என்று சொல்லிக் கயிற்றை வெட்டினேன். வலை அப்படியே இறங்கியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

கரையில் தூண்டில் போட்டு விளைமீன் ஒன்று பிடித்தேன். சுபாஸிடம் கொடுத்துவிடுகிறேன். நான் வலை இல்லாமல் வருவேன். ஏசுவாயோ?

ஜெரிசன்


குருநகர்
18.06.2024

இஞ்சாருங்கோ,

வெறுங்கையோடேயே வாருங்கோ. அந்த வலைக்காக அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏச மாட்டேன்.

மாமாவின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். மேசையில் உங்களுக்கும் எனக்குமாக இரண்டு கோப்பைதான் வைப்பேன். மூன்றாவதை எடுக்கக் கை போனது. கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

விளைமீன் வந்து சேர்ந்தது. பொரித்து, தலையைப் பூனைக்குப் போட்டேன். தின்றுவிட்டு இன்னும் கேட்கிறது.

உங்கள் லவீனா