நெல்மூட்டை மேல் வைத்த கம்ப்யூட்டர்

இன்று காலை ஒரு கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உமித் தூசி வாசனை குப்பென்று ஏறியது. நீ இருந்திருந்தால் "அறுப்பு முடிஞ்சிடுச்சு" என்றிருப்பாய். உனக்கு அறுவடை தெரிவது வயலைப் பார்த்து அல்ல, பழுதுக்கு வரும் கம்ப்யூட்டர்களைத் திறந்துதான்.

பெட்டி வலங்கைமான்காரருடையது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். நீ பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்து கொடுத்தாயே, அவர். முதல் வருஷமே தூக்கிக்கொண்டு வந்தார், ஓடும்போதே அணைந்துபோகிறது என்று. கூடத்தில் அடுக்கியிருந்த நெல்மூட்டைகளின் மேலேயே வைத்து, தூசி படக்கூடாது என்று பழைய புடவையால் மூடி, மூடியபடியே ஓட்டியிருக்கிறார்.

"குழந்தை மாதிரி போர்த்தி வச்சிருந்தேங்க்கா."

"குழந்தைக்கு மூக்கை விட்டுட்டுத்தான போர்த்துவீங்க?" என்றாய்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று மதியம் முழுக்க அதைத் துடைப்பதிலேயே போயிற்று.

ஒரே வகுப்பில் படித்து, ஒன்றாகக் கடை போட்ட நமக்குள் கடைசிவரை தீராத சண்டை இது. உதிரி பாகங்களை விற்போம், அதோடு நிற்போம் என்பது என் கட்சி. தனித்தனியாக விற்றால் பழுதுக்கு அந்தந்தக் கம்பெனி பொறுப்பு. சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் புடவை போர்த்தியதற்கும் நாம் பொறுப்பு. "பொறுப்புதான், அதுக்கென்ன" என்பாய். அந்தப் புடவைக்குப் பிறகு, யார் வந்தாலும் என்ன ப்ராசஸர் என்று கேட்கும் முன் "எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தாய்.

நீ கண்மூடிய பிறகு சில மாதம் இழுத்துப் பார்த்தேன். தனி ஆளாக எத்தனை வீட்டுக்குப் பதில் சொல்வது? 'கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரப்படும்' போர்டைப் போன வாரம் இறக்கிவிட்டேன்.

இன்று அவர் போர்டு தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றார். "இது இனிமே தாங்காதுக்கா. முகூர்த்த மாசம் வருது, கையில வேலை இருக்கு. வேற ஒண்ணு கட்டிக் குடுங்க."

"இப்ப அதெல்லாம் செய்யறதில்லங்க. ரெடிமேடா வாங்கிக்குங்க."

"பார்த்தேன். என் வேலைக்கு ஓடுறது வேணும்னா விலை எங்கயோ நிக்குது. விலை கட்டுப்படியானா, பின்னாடி உள்ள எதையும் மாத்த முடியாதுங்கறான்." மறுபடி ஆணியைப் பார்த்து, "அந்தக்கா இருந்தா இந்நேரம் அளவெடுத்திருக்கும்" என்றார், உன்னைத் தையல்காரி ஆக்கி.

அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். ஒருவருடைய வேலைக்கும் கைப்பணத்துக்கும் ரெடிமேட் பொருந்தாதபோது, பாகங்களை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு கையை விரிப்பது எனக்கே கூசியது.

"எங்க வைக்கப் போறீங்க?"

"மாடி ரூம்லக்கா. மூட்டை அங்க ஏறாது."

"புடவை?"

"சத்தியமா இல்லங்க்கா."

காற்று நுழையும் பக்கம் தூசி வலை வைத்து, சாயங்காலத்துக்குள் கட்டி அனுப்பிவிட்டேன்.

சற்றுமுன் இங்கே கரண்ட் போய் வந்தது. வலங்கைமானிலும் போயிருக்குமா, வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கி வந்திருக்குமா, அவர் யுபிஎஸ்ஸில் மாட்டினாரா, நேராகச் சுவரில் மாட்டினாரா. உட்கார முடியவில்லை. கரண்ட் போனால் நீ இப்படித்தான் வாசலுக்கும் மேஜைக்கும் நடப்பாய். நம் கடையில்தான் ஜெனரேட்டர் இருக்கிறதே, உனக்கென்ன என்பேன்.

என்ன என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததில் சந்தோஷம் ஒன்றுமில்லை. போர்டு இன்னும் சுவரோரம் சாய்ந்துதான் இருக்கிறது. நான் நடந்துகொண்டிருக்கிறேன்.