தொழுவத்துக்கு வாடகை

சௌபாக்கியவதி சின்னத்தாய்க்கு, உன் புருஷன் மொக்கையன் ஆசீர்வாதம். நான் நல்ல சுகம். பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று யாரையாவது எழுதச் சொல்.

ஆரப்பாளையத்தில் ஜாகை கிடைத்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னையிலிருந்து வந்த கூட்டம் கேட்ட வாடகையைக் கொடுக்கிறது. அதைப் பார்த்த வீட்டுக்காரர், பசுவை மரத்தடிக்கு விரட்டிவிட்டு, தொழுவத்துக்குச் சுண்ணாம்படித்துக் கதவு போட்டு எனக்கு விட்டிருக்கிறார். மில் சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது.

“மாடு கட்டுற இடத்துக்கு இம்புட்டா அண்ணே?” என்றேன்.

“மாடே வெளிய நிக்கிது. ஒனக்கு எடம் கெடச்சதே பெருசு” என்றார்.

சாயங்காலம் மேய்ந்துவிட்டு வரும் பசு, நேரே என் கதவைத்தான் முட்டுகிறது. சிரிக்காதே. நேற்று மழையில் நனைந்து நின்றதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உள்ளே விட்டேன். அது படுத்த பிறகு எனக்குக் கால் நீட்ட இடமில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “ஒத்த ஆளுன்னுதானய்யா பேச்சு? ரெண்டு உருப்படின்னா வாடகை கூட” என்றார். அவர் மாட்டுக்கு நான் வாடகை தர வேண்டுமாம்.

நம் பேரையூரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடு, தரை ஈரமாக இருக்கிறது. தை மாதம் உங்களை அழைத்துக்கொள்வதாகச் சொன்னதை மறந்துவிடு. நீயும் பிள்ளையும் வந்தால் பசுவோடு நாலு உருப்படி. மில் சங்கு ஊதுகிறது, போகிறேன்.