ஓபிர் ரோட்டைத் தாண்டி

சேசு மரி சூசை துணை
சிங்கப்பூர்,
3-8-1958

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? பினாங்கில் அத்தை கையால் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தேறியிருப்பாய். நான்தான் இங்கே செல்லக்கண்ணு கடைத் தோசையோடு மல்லுக்கட்டுகிறேன்.

துறைமுகத் தொழிலாளர் ஓட்டம் இந்த வருஷமும் பிடோக் கடற்கரையில் தொடங்குகிறது. அதே பாதை. மாலை ஆறு மணிக்குச் சரியாக ஓபிர் ரோட்டில் நம் லூர்து மாதா கோயில் வாசலைத் தாண்டவேண்டும். போன வருஷம் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவன், திரிகால மணி அடித்ததும் சிலுவை போட்டு நின்று ஜெபம் சொன்னேன். அப்புறம் கால் நகரவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் இன்னும் என்னைச் 'சாமியார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மணி அடித்தால் நிற்காமல் இருக்க முடியாது. அதனால் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
லாசரஸ்

பினாங்கு,
10-8-1958

என் அன்பான அத்தானுக்கு,

கோபம்தான். ஜெபத்தின்மேல் பழி போடாதீர்கள். அம்மா மீன் கழுவிக்கொண்டே திரிகால ஜெபம் சொல்கிறாள், மாதா வேண்டாம் என்றா சொல்கிறாள்? நீங்கள் ஓடிக்கொண்டே சொன்னால் மட்டும் குற்றமா?

போன வருஷம் நான் கோயில் வாசலில்தான் நின்றேன். மணி அடிப்பதற்கு முன்பே நீங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தளர்ந்துவிட்டீர்கள். நேரில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் அப்பா மூட்டையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது எனக்கும் தெரியும். அவர் நோயை மறைத்து வேலை செய்தவர். உங்களை டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மூச்சு முட்டினாலே மாமாவின் சாவுதான் வருகிறது என்று நினைக்கவேண்டுமா?

எனக்கும் இங்கே பிரசவத்தை நினைத்தால் பயம்தான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் ஓடுங்கள் அத்தான். தோற்றால் பரவாயில்லை, நிற்காதீர்கள்.

உங்கள்,
பிரிஜட்

சிங்கப்பூர்,
1-9-1958

அன்புள்ள பிரிஜட்,

உன் கடிதத்தைப் படித்து உன்மேல் கோபப்பட்டேன். ஆனால் பெயரை எடுக்கவில்லை. நேற்று ஓடினேன்.

காலாங் பாலம் தாண்டியதுமே நெஞ்சு இறுகிவிட்டது. கோயிலை நெருங்கும்போது மணி அடித்தது. கை தானாக நெற்றிக்குப் போனது. கூட ஓடிய நம் கிட்டங்கி முகம்மது யூசுப், "டேய் லாசரஸ், நிக்காத லா! ஓடிக்கிட்டே சொல்லு, நான் கேக்கறேன்!" என்று கத்தினான். அவன் கேட்க, நான் மூச்சிரைக்க முழு ஜெபத்தையும் சொன்னேன். அப்பாவின் முகம் வந்தது. இதோ விழப்போகிறேன் என்று நினைத்தேன். விழவில்லை. ரோச்சோர் கால்வாய் தாண்டியும் விழவில்லை. சிராங்கூன் ரோட்டில் பூக்கடைக்காரர்கள் கைதட்டியபோது நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதை வைத்துக்கொண்டும் ஓடலாம் என்று தெரிந்துவிட்டது.

ஒன்பதாவதாக வந்தேன். கோப்பை கிடையாது. ஓட்டம் முடிந்த திடலில் உட்கார்ந்து அழுதேன். வேர்வை என்று யூசுப்பிடம் சொன்னேன், அவனும் நம்பியதுபோல் இருந்துவிட்டான்.

உன்,
லாசரஸ்

பினாங்கு,
14-9-1958

என் அன்பான அத்தானுக்கு,

நமக்குப் பெண் பிறந்திருக்கிறாள். இருவரும் சுகம்.

உங்கள் கடிதம் வலி காண்பதற்கு முன்பே வந்துவிட்டது. வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒம்பதாவதா வந்ததுக்கு என்னடி இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றாள். "உங்க மருமகன் நிக்கலம்மா!" என்றேன். இப்போது தெருவெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை அத்தான், நம் கல்யாணத்தன்றுகூட இப்படி இருந்ததில்லை.

வலி கண்டதும் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடியாது, வீட்டுக்குப் போகிறேன் என்று கத்தினேன். மருத்துவச்சி மங்களம் என்னைப் பேச்சில் இழுக்கப் பார்த்து, "நீ யாரும்மா, யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். பதில் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவே இல்லை. அவளிடம் சொன்னதையே கீழே கையெழுத்தாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓபிர் ரோட்டைத் தாண்டினவரோட பொண்டாட்டி